சேவைக்குச் சம்பளம் கேட்டவள்

"வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்?" என்று மும்பைக்கு வந்த பிறகு என்னிடம் கேட்டவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எனக்கு எரிச்சலே அதில்தான். கெட்டவர்கள் கேட்டிருந்தால் நறுக்கென்று திருப்பிக் கொடுத்திருப்பேன். இவர்களோ கையில் காபி டம்ளரைத் தந்துவிட்டு, முதுகைத் தடவிக்கொண்டே கேட்பார்கள்.

நான் சும்மா இருந்து பழகியவள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். அரசாங்க வேலை, ஓய்வூதியம் உள்ள வேலை. பரீட்சை நெருங்கும் மாதங்களில் எங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகளின் சைக்கிள்கள் நிற்க இடம் இருக்காது. வீதியில் என்னைக் கண்டால் என் வயதை ஒத்தவர்கள்கூட "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்மதில் கட்ட வந்த இந்தியக் கட்டுமானக் கம்பெனியின் பொறியாளரும் அப்படித்தான் கூப்பிட்டார். மதில் எழும்ப முன்னமே எங்கள் கதை ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அவரும் தமிழர், நானும் தமிழ்ச்சி, இதில் வெளிநாடு எங்கே வந்தது என்று என் அம்மா கேட்டார். விசா விண்ணப்பிக்கப் போனபோதுதான் அது எங்கே வந்தது என்று தெரிந்தது. கல்யாணம் முடித்து வருகிறவள் இந்தியாவில் இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது. வேலையை ராஜினாமாச் செய்துவிட்டு மும்பையில் செம்பூருக்கு வந்து சேர்ந்தேன். கொஞ்ச நாளில் விசா விஷயமாக ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். மருமகள் வேலைக்குப் போகிறாளா என்று கேட்டார். "கர் மே ஹீ ரெஹ்தி ஹை" என்றார் மாமி, அதாவது என் கணவரின் அம்மா. வீட்டிலேயேதான் இருக்கிறாள். போலீஸ்காரருக்குத் திருப்தி. அவரைவிட மாமிக்கு இன்னும் திருப்தி.

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். மாமா சீக்கிரம் போய்விட்டார். ஒற்றை அறையில் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சயான் ஸ்டேஷன் பக்கம் கொண்டுபோய் விற்று ஒரே மகனை எஞ்சினியராக்கியவர். அந்த மகன்தான் செம்பூரில் ஃப்ளாட் வாங்கினார். உழைத்துத் தேய்ந்தவருக்கு, வீட்டில் ஒரு பெண் உழைக்காமல் இருப்பதுதான் வெற்றி. "நான் பட்ட பாடு பத்தாதா? ஒனக்கு எதுக்கும்மா அந்தத் தலையெழுத்து? ஃபேனப் போட்டுட்டு இரி" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அந்த ஃபேனுக்குக் கீழே இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தேன்.

பிறகு, வேலை செய்யலாம் என்று அனுமதிக்கிற அட்டை ஒருவழியாகக் கைக்கு வந்தது. அன்றைக்கே நான் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

செம்பூரில் ஒரு பள்ளி, ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னது. எடுத்தேன். நன்றாக இருந்தது, நாளைக்கும் வாருங்கள் என்றார்கள். போனேன். அந்த வாரம் முழுக்க "டெமோ" என்ற பெயரில் விடுப்பில் போன ஆசிரியையின் வகுப்புகளை எல்லாம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை, "உங்கள் ஹிந்தி போதாது" என்றார்கள். திங்கட்கிழமையும் எனக்கு அதே ஹிந்திதானே இருந்தது? கல்யாணில் ஒரு பள்ளிக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு போனேன். என் பட்டம் செல்லும், ஆனால் இந்தியாவில் படிப்பித்த அனுபவம் இல்லை என்றார்கள். அனுபவம் வேண்டுமானால் வேலை வேண்டும், வேலை வேண்டுமானால் அனுபவம் வேண்டும். இந்தக் கணக்கை எந்தச் சூத்திரத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. டோம்பிவிலியில் ஒரு கோச்சிங் கிளாஸ் முதலாளி என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்ரீலங்காத் தமிழா? நீங்கள் அந்த சண்டையில் எல்லாம் இருந்தீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சண்டையில் நாங்கள் எல்லோரும்தான் இருந்தோம் ஐயா, குழந்தைகள் உட்பட. அதற்கும் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்போது இதைக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது குர்லா வரைக்கும் மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இந்த நிலைமையில்தான் மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் போனோம். சங்கச் செயலாளர் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுப் பூர்வீகம். பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்த ஆள் இல்லை என்று மேடையிலேயே குறைப்பட்டார். என் கணவர் எழுந்து கையைத் தூக்கினார்.

"இவ டீச்சர்தான் சார். வீட்டுல சும்மாதான் இருக்கா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலி இரவல் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டார். சபை கைதட்டியது. அப்போது எனக்குக் கோபம் வந்ததா என்றால், உண்மையைச் சொல்கிறேன், வரவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று எவ்வளவு காலம்! சாக்பீஸ் கையில் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

பிள்ளைகள் வடாலாவிலிருந்தும் தாராவியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் வந்தார்கள். பேசச் சொன்னால் நன்றாகப் பேசுவார்கள், நடுவில் ஹிந்தி வந்து விழும். எழுதச் சொன்னால் தங்கள் பெயரைத் தேவநாகரியில் எழுதிக் காட்டுவார்கள். பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன். மாட்டுங்கா ஸ்டேஷனைச் சுற்றி இருக்கிற கடைகளின் தமிழ்ப் பலகைகளைப் படம் பிடித்து வந்து, பூக்கடையில் தொடங்கி அப்பளக் கடைவரை ஒவ்வொன்றாக வாசிக்க வைத்தேன். தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போன பலகையில் இப்படித்தான் எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வகுப்பு வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு புதன்கிழமை மாலையும் சேர்ந்தது. இடம் போதாமல் இரண்டு பிரிவானது. பெற்றோரிடமிருந்து "பராமரிப்பு" என்று சங்கம் ஒரு தொகையும் வாங்கத் தொடங்கியது.

எனக்கு அதில் ஒன்றும் கிடையாது. "நீங்க பண்றது சாதாரணக் காரியமா என்ன? சேவைன்னா இது! எல்லாருக்கும் அமையுமோ இந்தப் பாக்கியம்?" என்பார் செயலாளர். கூட்டிப் பெருக்குகிற பாய்க்கு, இங்கே வேலைக்காரம்மாவை அப்படித்தான் சொல்வார்கள், சம்பளம் உண்டு. வாட்ச்மேனுக்கு உண்டு. டீ கொண்டு வருகிறவருக்கு உண்டு. ஆண்டு விழாவுக்கு மைக் கட்டுகிறவர் முன்பணம் வாங்காமல் வயரையே தொட மாட்டார். சென்னையிலிருந்து தமிழின் பெருமை பேச வருகிறவருக்கு விமான டிக்கெட். அந்தப் பெருமையை வாசிக்கத் தெரிய வைக்கிறவளுக்குப் பாக்கியம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒன்றும் தரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பொன்னாடை தந்தார்கள். நம்மவர்கள் கொடுக்க மனமில்லாத எல்லாவற்றுக்கும் பதிலாகக் கொடுக்கிற ஒரு துணி இருக்கிறதே, அதுதான். மஞ்சள் நைலான், ஓரத்தில் மினுமினுக்கிற சரிகை. குளிருக்கும் உதவாது, வெயிலுக்கும் உதவாது. முதல் வருடத்துப் பொன்னாடையை மாமி மடித்துப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், கடைசியில் கிரைண்டர் மேல் போட்டு மூடினார். "தூசி அண்டாதுல்லா" என்றார். அதற்கு அது நன்றாகவே உதவியது.

இரண்டாம் வருடம் பாதியில் ஒரு செய்தி காதில் விழுந்தது. யாரோ ஒரு தொழிலதிபர் பெரிய நன்கொடை தந்திருக்கிறாராம். சங்க வகுப்பை முறையாக நடத்த, மாதச் சம்பளத்தில் ஓர் ஆசிரியர் நியமிக்கப் போகிறார்களாம். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். சம்பளம் சிறியதாக இருக்கலாம். இருக்கட்டும். இந்தியாவில் ஆசிரியை என்று ஓரிடத்தில் என் பெயர் ஏறிவிட்டால் கல்யாண் பள்ளிக்காரர்களுக்குப் பதில் சொல்லலாம். கடைக்குப் போகும்போது மாமியிடமோ கணவரிடமோ கை நீட்ட வேண்டியதில்லை. அவர்கள் கேட்காமலே கொடுப்பவர்கள்தான். ஆனால் கேட்காமல் கொடுப்பதை வாங்குவதற்கும் சம்பாதித்ததை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம், இரண்டையும் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

நானாகப் போய்க் கேட்கவில்லை. அந்த வகுப்பே நான்தானே, கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று இருந்தேன். ஆண்டு விழாவும் வந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தலையிலிருந்து பூ விழுந்த ஒருத்திக்குக் கொண்டை ஊசி குத்திக்கொண்டிருந்தபோது மேடையில் செயலாளர் அறிவிக்கிறார். புதிய தமிழாசிரியராக இன்னார் பொறுப்பேற்கிறார். யாரென்று பார்த்தால் மாநகராட்சிப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிற ஒரு பெரியவர். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வணக்கம் சொல்லிவிட்டு, கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கையில் கொண்டை ஊசியோடு நின்றேன். செயலாளர் மேடையை விட்டு இறங்கியதும் ஓரமாகப் போய்க் கேட்டேன்.

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "சொல்லாம இருப்போமா? மொதல்ல உங்களுக்குத்தான்னு கமிட்டியில முடிவு பண்ணி, உங்க ஆத்துக்காரருக்கு ஃபோன் போட்டுக் கேட்டோமே! சம்பளம் இவ்வளவு தரோம்னு சொன்னோம். அவர்தான் வேண்டாம்னுட்டார். 'அவ காசுக்காகப் பண்ணலை சார்'னார். என்ன பெரிய மனசு! கமிட்டில எல்லாரும் உருகிப் போயிட்டா."

"என்னட்ட ஏன் கேக்கேல்லை?"

"ஆத்துக்காரர்கிட்ட கேட்டா உங்ககிட்ட கேட்ட மாதிரிதானே அம்மா?"

எனக்கு ஒரு வேலை வந்தது. வந்த வேலை என் கணவரின் ஃபோனில் நின்று கதைத்துவிட்டு, நான் இருக்கிற அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறது. அந்த ராத்திரியும் நான் அவருக்குத் தோசை ஊற்றிக் கொடுத்திருப்பேன்.

யோசித்து முடிக்க முன்னமே என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் பொன்னாடை தயாராக இருந்தது. "தமிழ் நமக்குத் தாய். தாய்க்குச் செய்யற பணிக்கு யாராவது கூலி கேப்பாளா? இந்தச் சகோதரி கேட்கலை. புது வாத்தியாருக்கு உதவியா இவரோட சேவை தொடரும்" என்று செயலாளர் மைக்கில் சொல்லிக்கொண்டே அதை என் தோளில் போட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கையும் கையில் தந்தார். அது அவர் செய்த பிழை.

"தாயைப் பாக்க வீட்டுக்கு வாற நேர்ஸுக்குச் சம்பளம் குடுக்கிறியள்தானே?" என்றேன். "தாய்க்குச் சமைக்கிற பாய்க்குக் குடுக்கிறியள்தானே? பிறகு எனக்கு ஏன் இந்தச் சீலைத் துண்டு? நான் கூலி கேக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? என்னட்ட ஒருத்தரும் கேக்கவே இல்லை. கேட்டிருந்தால் ஓம் எண்டு சொல்லியிருப்பன்."

சபையில் கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். என்ன சொன்னேன் என்று விளங்கித் தட்டினார்களா, யாழ்ப்பாணத் தமிழ் கேட்க இனிமையாக இருந்ததென்று தட்டினார்களா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பொன்னாடையை மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

டாக்ஸியில் சயான் தாண்டும்போது கணவர், "அரே, நான் என்ன தப்பு பண்ணேன்? உன்ன உசத்தித்தானே சொன்னேன்? அவ்ளோ பேர் முன்னாடி இப்படியா பேசுவ?" என்றார்.

"சம்பளம் தாறம் எண்டு சொன்னதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்ன பெரிய சம்பளம்? நம்மகிட்ட காசு இல்லையா? காய்கோ, எதுக்கு டென்ஷன் எடுக்குற?" என்றவர், கொஞ்சம் பொறுத்துக் குரலை இறக்கிச் சொன்னார். "உனக்குத் தெரியாது. எங்கம்மா இந்தச் சங்கத்து ஃபங்ஷனுக்கெல்லாம் இட்லி சப்ளை பண்ணா. நான் கூடைய தூக்கிட்டுப் போவேன். பின் வாசல்லயே நிக்க வச்சு, பில்லு செட்டில் பண்ண அலைய விடுவாங்க. இப்ப அதே ஆளுங்க எனக்கு ஃபோன் பண்ணி, சார்னு கூப்ட்டு, உங்க வைஃபுக்குச் சம்பளம் தரோம்ங்கறாங்க. வேணாம்னு சொல்ற எடத்துல நான் நின்னேன். அது எப்டி இருந்துச்சு தெரியுமா?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு இளகாமல் இல்லை. அந்தக் கூடையைத் தூக்கிய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் இளகிவிட்டால் என் காரியம் முடிந்தது என்றும் தெரிந்தது. எத்தனை வீட்டில் எத்தனை பெண்களின் வாயை இந்தக் கண்ணீர் அடைத்திருக்கிறது!

"அது உங்கட கணக்கு," என்றேன். "அதை என்ர சம்பளத்தில தீர்க்காதேங்கோ."



அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. பிள்ளைகளை நினைத்து அழுதேன், ஆனாலும் போகவில்லை. செயலாளர் மூன்று தரம் ஃபோன் செய்தார், இந்தத் தரம் என் எண்ணுக்கே. வாத்தியாரால் இரண்டு பிரிவையும் சமாளிக்க முடியவில்லையாம், சேவையாக நினைத்து வர வேண்டுமாம். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன். மூன்று தரமும் லைன் கட்டாகிவிட்டது. பெற்றோரில் சிலர் நான் திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். அவர்கள்தான் பிள்ளைகளின் மேத்ஸ் டியூஷனுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு வாசலில் காத்திருக்கிறவர்கள்.

வடாலாவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வருட நடுவில் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் இந்திய அனுபவம் கேட்டார்கள். இரண்டு வருடம் தமிழ் வகுப்பு நடத்தியதைச் சொன்னேன். சம்பளத்தோடா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் அதைச் சேர்க்க முடியாது என்றார் பிரின்சிபல். பாக்கியத்துக்கு அந்த விண்ணப்பத்தில் இடம் இல்லை. ஆனால் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, அவர்களுக்கு ஆள் அவசரம். ஒரு வகுப்பு மட்டும் எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இந்தத் தரம் ஒன்றோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் கணவரின் ஃபோன் அடித்தது. என் எண்ணையும் அவர் எண்ணையும் அந்தப் பள்ளியில் எழுதி வாங்கியிருந்தார்கள். அழைத்தது அவரைத்தான். மாமி தரையில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். "யெஸ், ஹஸ்பண்ட் ஸ்பீக்கிங்," என்றார் கணவர். மறுமுனையில் டைமிங், சேலரி என்று ஏதோ சொல்வது எனக்கே கேட்டது. அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"ஒன் மினிட். அவங்களே பேசுவாங்க," என்று ஃபோனை நீட்டினார்.

அவர்கள் சொன்ன சம்பளம், வேலையை விட்டுப் போன டீச்சர் வாங்கியதாக நான் விசாரித்து வைத்திருந்ததைவிடக் குறைவு. அவ்வளவுக்கு வர முடியாது, அவருக்குக் கொடுத்ததையே எனக்கும் கொடுங்கள் என்றேன். மாமி கறிவேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு வாயில் கை வைத்தார். மறுமுனையில் யாரையோ கேட்டுவிட்டு வந்து, சரி, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள்.

"இப்டியாம்மா கேப்பாவ? கெடச்ச வேல போயிருந்தா?" என்றார் மாமி.

"நீங்கள் இட்லிக்கு விலை பேசேல்லையோ மாமி?"

அவர் கறிவேப்பிலையை மறுபடி எடுத்து உருவிக்கொண்டே, "நல்லா பேசுவேன்லா," என்றார், தனக்குள்ளே சொல்லிக்கொள்வதுபோல.

இப்போது வடாலாவில் படிப்பிக்கிறேன். இங்கே கதை முடிந்திருந்தால் நானும் ஆறியிருப்பேன். ஆனால் எங்கள் கட்டடத்தில் என் கணவருக்கு இந்த விஷயத்தில் பெரிய பெயர். வெளிநாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவியை வேலைக்கு அனுப்புகிறாராம். எவ்வளவு முற்போக்கு, எவ்வளவு தாராளம் என்று லிஃப்ட்டில் என்னிடமே சொல்கிறார்கள். கொடுத்து வைத்தவளாம் நான். போன வாரம் இரண்டாம் மாடி மாமி ஒருவர், "உங்களை வேலைக்கு அனுப்பறாரே, அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கையை விடுவித்துக்கொண்டு சொன்னேன்.

"அவர் அனுப்பேல்லை. நான் போறன்."